சாட்பாட்டிடம் 'யாருக்கு' என்று முதலில் சொல்லுங்கள்

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். நன்கொடை கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்ப நாலு வரி எழுதித் தரும்படி சாட்ஜிபிடியிடம் கேட்டேன். "பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்களின் மேலான ஆதரவை நாடி..." என்று வந்தது. பட்டர்வொர்த் மாமாவுக்கு இதை அனுப்பினால், "யாருடா இது?" என்று போன் போட்டுக் கேட்பார்.

தவறு என்னுடையதுதான். அதே உரையாடலில் சற்று முன்புதான் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பக் கடிதம் எழுத வைத்திருந்தேன். இந்தச் செயலிகள் ஒவ்வொரு முறையும் மேலே பேசியதையும் சேர்த்துப் பார்த்துத்தான் அடுத்த சொல்லைத் தேர்கின்றன. மேலே விண்ணப்ப நடை இருந்தால் கீழேயும் அது ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, கேட்கும் வேலை மாறினால் புதிய உரையாடலைத் தொடங்குங்கள். அப்புறம், "நட்பாக எழுது" என்பதோடு நிறுத்தாதீர்கள். படிப்பவர் யார், அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். அதைவிட நல்லது, முன்பு அவருக்கு நீங்களே அனுப்பிய செய்தி ஒன்றை ஒட்டிவிடுவது (பெயர், எண் எல்லாம் நீக்கிவிட்டு). நான் ஒட்டியது இவ்வளவுதான்: "மாமா, பசியாறிட்டீங்களா? சனிக்கிழமை வீட்டுல இருப்பீங்களா?"

"மாமா, பசியாறிட்டீங்களா? இந்த வருசமும் பந்தல் போடுறோம்..." என்று ஆரம்பித்தது பாருங்கள், நானே எழுதியதுபோல் இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் '50 ரூபாய்' என்று போட்டிருந்தது. "நாங்கள் பினாங்கு, இங்கே வெள்ளி (ரிங்கிட்)" என்றேன். அடுத்த தடவை சரியாக வந்தது.