நீர்ச்சுழற்சி: அந்த வட்டப் படத்தை மட்டும் நம்பினால் வரும் தவறுகள்

கடல், வெயில், மேகம், மழை, ஆறு, திரும்பவும் கடல். அம்புக்குறி போட்ட அந்தப் படத்தைப் பள்ளியில் எல்லாருமே வரைந்திருப்போம். படம் தப்பில்லை, ஆனால் அது சொல்லாமல் விட்டது நிறைய.

நீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடியில் போட்ட துணி கொதித்தா காய்கிறது? எந்த வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பிக்கொண்டுதான் இருக்கும், வெயிலும் காற்றும் அதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். அப்புறம், மேகம் என்றால் நீராவி என்று சொல்லிவிடுவது. நீராவி கண்ணுக்கே தெரியாது. நாம் பார்ப்பது, அது குளிர்ந்து தூசி, கடல் உப்பு மாதிரியான நுண்துகள்கள் மேல் படிந்து உண்டான நீர்த்துளிகளையும் பனிப் படிகங்களையும். ஒரே ஒரு மழைத்துளிக்குச் சுமார் 10 லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறொன்று. "தண்ணீர் எங்கே போகும், சுற்றித் திரும்பி வந்துவிடும்" என்ற நினைப்பு. வரும், சரி, எப்போது வரும்? காற்றில் ஏறிய நீர் சராசரியாக 10 நாளுக்குள் இறங்கிவிடுகிறது, கடலில் சேர்ந்ததோ சராசரியாக 3,000 ஆண்டுகள் போல அங்கேயே கிடக்கிறது, ஆழமான நிலத்தடி நீரில் ஒரு பகுதி 10,000 ஆண்டுகளுக்கும் முன் இறங்கியது. அதை ஒரு தலைமுறையில் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடுத்த மழையில் நிரம்பிவிடும் என்று காத்திருப்பது பெரிய தவறு. பூமியின் நீரில் நன்னீர் சுமார் 2.5 சதவீதம், அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிப்பாறைகளாக உறைந்திருக்கிறது. ஆறும் ஏரியும் நன்னீரில் ஒரு சதவீதம்கூட இல்லை.

படத்தில் மரம் வெறும் அலங்காரமாக நிற்கும். வேர் உறிஞ்சிய நீரில் பெரும்பகுதியை இலைகள் காற்றுக்கே திருப்பித் தருகின்றன, காட்டை அழித்தால் அந்த ஈரமும் குறைகிறது.

தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைப்பதும் தவறுதான். இலை வெளிவிடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதில்லை, ஒளிச்சேர்க்கையில் உடைபடும் நீரிலிருந்து வருகிறது. டைனோசர் குடித்த அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்பார்களே, அதுவும் முழு உண்மை இல்லை. மூலக்கூறுகள் உடைகின்றன, புதிதாகவும் உருவாகின்றன. நம் உடலே உணவை எரித்து ஒரு நாளில் சுமார் 300 மில்லி புது நீரை உண்டாக்குகிறது.