புகையிலைக் காளானைப் பார்த்ததும் பிடுங்குகிறீர்களா?

முதல் தவறு பெயரிலேயே இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் வேடசந்தூர் மாதிரி புகையிலை விளையும் ஊர்களில் செடியின் காலடியில் மண்ணைப் பிளந்துகொண்டு வெளிறிய தண்டுகள் கொத்தாக எழும்பி நிற்கும், இலையும் கிடையாது, பச்சையும் கிடையாது, அதனால்தான் புகையிலைக் காளான் என்று பெயர் வந்தது. ஆனால் இது காளானே இல்லை. ஒரோபாங்கி என்ற இனத்தைச் சேர்ந்த, பூத்து விதைக்கிற செடி. பச்சையம் இல்லாததால் தன் சோற்றைத் தானே ஆக்க முடியாது, அடுத்த செடியின் வேரில் வாயை வைத்து உறிஞ்சித்தான் பிழைக்கும். மருந்துக் கடையில் போய் "காளான் வந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் பூஞ்சாணக்கொல்லி கைக்கு வந்துவிடும், அதை அடித்தால் காசுதான் போகும்.

அடுத்தது, கண்ணில் பட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது. இதுதான் பெரிய தவறு, ஏனென்றால் இந்தச் செடி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழித்துவிடுகிறது. விதை கால் மில்லிமீட்டர் அளவுதான், தூசி மாதிரி. ஈர மண்ணில் சில நாள் ஊறி விழித்திருக்கும், ஆனாலும் முளைக்காது. பக்கத்தில் வேர் இருக்கிறது என்று ஒரு வாசனை வரவேண்டும். அந்த வாசனைதான் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருள். 1966 இல் பருத்தி வேரிலிருந்து முதல்முறையாகப் பிரித்தெடுத்தார்கள், ஆனால் தன் எதிரியைத் தானே கூப்பிடும் ஒரு பொருளைச் செடி ஏன் சுரக்க வேண்டும் என்பது 2005 வரை புதிராகவே இருந்தது. கடைசியில் பார்த்தால், மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றாதபோது அதைக் கொண்டுவந்து கொடுக்கும் வேர்ப் பூஞ்சைக்குச் செடி அனுப்பும் அழைப்பு அது. கூப்பிட்டது ஒருவரை, பந்தியில் வந்து உட்கார்ந்தது இன்னொருவர். மணிச்சத்து குறைந்த மண்ணில் இந்த அழைப்பு இன்னும் பலமாக இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்படி வேரில் ஒட்டி, கிழங்கு மாதிரி தடித்து, பல வாரம் உறிஞ்சி முடித்த பிறகுதான் தண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. அதற்குள் சேதத்தில் பாதிக்குமேல் நடந்து முடிந்திருக்கும். செடி வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்துப் பாய்ச்சிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஒரு செடியை வேரோடு தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இஸ்ரேலில் நெவே யார் ஆய்வு மையத்தில் மண்ணின் வெப்பத்தை நாள்தோறும் கூட்டிக் கணக்கிட்டு, தக்காளி வேரில் இது எந்த நாளில் ஒட்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அந்த நாளில் களைக்கொல்லி கொடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கால் பிடிக்கிறார்கள்.

சரி, வெளியே வந்துவிட்டது, பிடுங்க வேண்டாமா என்றால், பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வருஷப் பயிரைக் காப்பாற்ற இல்லை, அடுத்த பத்து வருஷத்துக்காக. ஒரே செடி லட்சத்துக்கும் மேல் விதை கொட்டும், அந்த விதை மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே பூப்பதற்கு முன் பிடுங்கவேண்டும். பூத்தபிறகு பிடுங்கி வரப்பில் வீசினால் அங்கேயே காய் முற்றி விதை சிதறும், வாய்க்காலில் போட்டால் தண்ணீரே கீழ்வயல்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரிப்பதுதான் வழி. தப்பித் தவறிக்கூட ஆடு மாட்டுக்குப் போடாதீர்கள், குப்பைக்குழியிலும் சேர்க்காதீர்கள். இந்த விதை ஆட்டின் வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையில் உயிரோடு வெளியே வரக்கூடியது. இரவில் ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போடும் வழக்கம் உள்ள ஊரில் இது எவ்வளவு தூரம் பரவும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உழவு டிராக்டரின் சக்கர மண்ணிலும் இதே கதைதான், காளான் கண்ட வயலைக் கடைசியில் உழச் சொல்லுங்கள்.

அப்புறம் பயிர் மாற்றம். புகையிலையை எடுத்துவிட்டுத் தக்காளியோ கத்தரியோ போட்டால் அது மாற்றமே இல்லை, இரண்டும் இதற்குச் சாப்பாடுதான். எள், உளுந்து, பாசிப்பயறு போன்றவை வேறு ரகம். அவற்றின் வேர் வாசனை விதையை எழுப்பும், ஆனால் ஒட்ட இடம் கொடுக்காது. முளைத்த விதை சில நாளில் பட்டினியில் செத்துப்போகும். இவற்றைப் பொறிப்பயிர் என்பார்கள். ஒரு போகம் போட்டுவிட்டு மண் சுத்தமாகிவிட்டது என்று மறுபடி புகையிலைக்குத் திரும்புவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு விதைதான் முளைக்கும், மீதி தூங்கிக்கொண்டே இருக்கும்.

களைக்கொல்லி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹரியானா, ராஜஸ்தான் கடுகு வயல்களில் இதன் நெருங்கிய உறவு பெரிய தலைவலி, அங்கே மர்கோஜா என்பார்கள். விதைத்து ஒரு மாதத்தில் ஹெக்டேருக்கு 25 கிராம், 55 நாள் வாக்கில் 50 கிராம் என்று கிளைபோசேட்டை மிகக் குறைவாகத் தெளிக்கும் முறை அங்கே ஆய்வில் தேறியது. சாதாரணமாகக் களை கொல்ல ஹெக்டேருக்கு ஒரு கிலோ வரை போகும் மருந்து அது. கடுகு தாங்கிக்கொள்ளும், சாறோடு வேருக்கு இறங்கி ஒட்டுண்ணியைக் கொல்லும். கொஞ்சம் கூட்டி அடித்தால் கடுகே கருகும். அந்த 25 கிராம் என்பது வீரியப் பொருளின் எடை, பாட்டில் கரைசலின் அளவு இல்லை. அந்த அளவு கடுகுக்குச் சொன்னது, அதைக் கேள்விப்பட்டுத் தக்காளியிலோ புகையிலையிலோ சோதித்துப் பார்க்காதீர்கள்.

ஒட்டுண்ணியைத் தாங்கும் ரகத்தை வாங்கிவிட்டால் கவலை விட்டது என்பதும் நிலைக்காது. ஐரோப்பாவில் சூரியகாந்தியைத் தாக்கும் வகைக்கு எதிராக ரகம் விட, அதை உடைக்கும் புதுக் கூட்டம் வர, மறுபடி ரகம் விட, என்று அந்தக் கூட்டங்களுக்கு எழுத்து வைத்து A, B இல் தொடங்கிய பட்டியல் இப்போது H வரை வந்து நிற்கிறது.

கடைசியாக, சுடுமல்லியையும் இதையும் குழப்பிக்கொள்வது. சுடுமல்லியும் வேரில் ஒட்டி உறிஞ்சும் களைதான், ஆனால் பச்சையாக இருக்கும், சோளத்தையும் கரும்பையும் பிடிக்கும். புகையிலைக் காளானுக்குச் சோளம் ஒரு பொறிப்பயிர், நல்ல மாற்றுத்தான். ஆனால் அதே நிலத்தில் சுடுமல்லியும் இருந்தால் ஒன்றைப் பட்டினி போட்டு இன்னொன்றுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். அங்கே எள்ளுக்குப் போங்கள்.