கோராகின் கலகத்தைப் படிக்கும் முறை

மோசேக்கும் அவன் சகோதரனான ஆசாரியன் ஆரோனுக்கும் எதிராகக் கோராகு எழுப்பிய கலகத்தை வேதாகமத்தின் எண்ணாகமம் 16 முதல் 18 வரையிலான அதிகாரங்களில் காண்கிறோம். யூதர்கள் இவற்றை ஆண்டுதோறும் ஒரே வாரத்துப் பகுதியாக வாசிக்கிறார்கள். அந்த வாரம் பெரும்பாலும் ஜூன் அல்லது ஜூலையில் வருகிறது. குன்னூரில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் அந்த நாட்களின் மாலைகளில், நாங்கள் நான்கைந்து பேர் கூடி இதைப் படிக்கிறோம். புதிதாகத் தொடங்குவோருக்காக எங்கள் முறையை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நம் தமிழ் வேதாகமத்தில் 16:36 ஆக இருக்கும் வசனம் எபிரெய மூலத்தில் 17:1 ஆகும். யூத விளக்கவுரைகளோடு ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் குழப்பமே மிஞ்சும்.

முதல் வாசிப்பில் இரண்டு நிறப் பென்சில்களை வைத்துக்கொள்ளுங்கள். லேவி கோத்திரத்தானான கோராகு ஆசாரியப் பட்டத்தை, அதாவது குருவின் பதவியை, கேட்கிறான். ரூபன் கோத்திரத்துத் தாத்தானும் அபிராமுமோ மோசே தங்களை வனாந்தரத்தில் சாகடிக்கக் கொண்டுவந்தான் என்று குற்றஞ்சாட்டி, அவன் அழைத்தும் வர மறுக்கிறார்கள். இவ்விரு மனக்குறைகளையும் தனித்தனி நிறத்தில் அடிக்கோடிட்டால், ஒரே கலகமாகத் தெரிந்தது இரண்டாகப் பிரியும். உபாகமம் 11:6 தாத்தானையும் அபிராமையும் மட்டுமே குறிப்பிடுவதையும் அப்போது பார்த்துவிடுங்கள்.

அடுத்து 16:3-இல் நிதானமாக நில்லுங்கள். சபையார் எல்லாரும் பரிசுத்தர் என்று கோராகு சொல்வது வெறும் பொய்யன்று. யாத்திராகமம் 19:6 இஸ்ரவேலர் அனைவரையும் ஆசாரிய ராஜ்யம் என்றே அழைக்கிறது. அவனைத் தீயவன் என்று அவசரப்பட்டு ஒதுக்குகிறவர் இந்தப் பகுதியைப் படித்தவராக மாட்டார். எல்லாரும் சமம் என்று பேசியவன் தனக்கென எதைக் கேட்டான் என்பதை 16:10-இல் மோசேயின் பதிலில் தேடுங்கள்.

இந்தப் பகுதியின் உயிர்நாடி, தூபமிடும் தணல் பாத்திரமான தூபகலசம் என்பது என் கருத்து. கோராகோடு சேர்ந்து அதை ஏந்தி நின்ற 250 பேரை அக்கினி பட்சித்தது. மறுநாள் வாதை என்னும் கொள்ளைநோய் தொடங்கியபோது, அதே வகைக் கலசத்தை எடுத்துக்கொண்டு ஆரோன் ஓடி, செத்தவர்களுக்கும் உயிரோடிருக்கிறவர்களுக்கும் நடுவே நின்றான். தன்னை எதிர்த்து முறுமுறுத்த மக்களுக்காகவே அவன் ஓடினான். அப்படியிருந்தும் 14,700 பேர் மாண்டார்கள். ஆசாரிய அதிகாரம் எதற்காகத் தரப்பட்டது என்பதை அந்த ஓட்டத்தை வைத்தே பேசிப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு மாலை முழுவதும் இந்த ஒரு காட்சிக்கே போதவில்லை.

பூமி வாய்திறந்து கலகக்காரரை விழுங்கிய காட்சியை இங்கே வாசிக்கும்போது கவனம் தேவை. 2009 நவம்பர் மண்சரிவில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். பூமி வாய்திறந்ததைப் புதுமையான ஒன்று என்று 16:30 தானே தனித்துக் காட்டுவதால், மலை சரிந்த இடத்திலெல்லாம் தண்டனையைத் தேட வசனம் இடந்தரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஆரோனே தெரிந்துகொள்ளப்பட்டவன் என்பதற்கு அடையாளமாக அவன் கோல் துளிர்த்து வாதுமைப் பழம் தந்ததையும், 18-ஆம் அதிகாரத்தின் காணிக்கை, தசமபாக விதிகளையும் ஒரே அமர்வில் முடிக்கலாம். ஆனால் ஆசாரியனுக்கு நிலத்தில் பங்கில்லை என்னும் 18:20-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடைசி அமர்வில் எண்ணாகமம் 26:11-ஐத் திறந்தால், கோராகின் குமாரர் சாகவில்லை என்று காண்பீர்கள். உடனே கோராகின் புத்திரருடைய 84-ஆம் சங்கீதத்தை உரக்க வாசியுங்கள். துன்மார்க்கரின் கூடாரங்களை விட்டு விலகுங்கள் என்று 16:26-இல் மோசே எச்சரித்தான். அத்தகைய கூடாரங்களில் குடியிருப்பதைவிட தேவனுடைய வீட்டு வாசற்படியில் காத்திருப்பதே மேல் என்று இந்தச் சங்கீதம் பாடுகிறது.