கல்லூரியில் முதல் செமஸ்டர்: யாரும் ஞாபகப்படுத்தாத வேலைகள்

பள்ளிக்கூடத்தில் படிப்பு நம்மைத் துரத்திக்கொண்டு வரும். நாளைக்கு டெஸ்ட் என்று மூன்று தடவை சொல்வார்கள், நோட்டு முடிக்காவிட்டால் வீட்டுக்குத் தகவல் போகும். கல்லூரியில் தேதியை ஒரே தடவைதான் சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் வகுப்பு முடிகிற நேரத்தில், பாதிப் பேர் பையை மூடிக்கொண்டிருக்கும்போது.

என் முதல் செமஸ்டரில் ஒரு அசைன்மென்ட்டை ராத்திரி உட்கார்ந்து ஒழுங்காகவே எழுதினேன். கடைசி நாள் வியாழன் என்று நினைத்துக்கொண்டு கொண்டுபோய் நீட்டினால், அது புதனோடு முடிந்துபோயிருந்தது. பத்துக்குப் பூஜ்யம். பாடம் தெரியாமல் போன மார்க்காக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கீழே இருப்பதெல்லாம், ஞாபகப்படுத்துகிற ஆளின் வேலையை நாமே எடுத்துக்கொள்வதற்கான ஏற்பாடுகள்.

படி 1: செமஸ்டர் முழுவதும் ஒரே தாளில்

ஒரு பெரிய தாளில் வாரத்துக்கு ஒரு வரி போடுங்கள். எல்லாப் பாடங்களின் சிலபஸையும் கால அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெஸ்ட், அசைன்மென்ட், லேப் ரெக்கார்டு, ப்ராஜெக்ட் தேதிகளை அந்தந்த வாரத்தில் எழுதுங்கள். பாடத்துக்கு ஒரு தாள் என்று பிரிக்காதீர்கள். எல்லாம் ஒரே தாளில் இருந்தால்தான், எட்டாவது வாரத்தில் மூன்று பாடங்கள் ஒன்றாக வந்து மோதப்போவது இரண்டாவது வாரத்திலேயே கண்ணில் படும்.

ஒவ்வொரு கடைசித் தேதிக்கும் ஒரு வாரம் முன்னால் ‘ஆரம்பி’ என்று எழுதிவிடுங்கள். நான் பார்ப்பது அந்த ‘ஆரம்பி’ தேதியைத்தான். தாளைச் சுவரில் ஒட்டுங்கள். போனிலும் அலாரம் வைக்கலாம், ஆனால் அலாரத்தைத் தூக்கக் கலக்கத்தில் தள்ளிவிட முடியும், சுவரைத் தள்ள முடியாது.

படி 2: எந்தப் பாடம் எவ்வளவு கனம்?

கிரெடிட் முறை (ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு எடை கொடுத்துச் சராசரி போடுவது) உள்ள கல்லூரி என்றால் இந்தக் கணக்கை முதல் வாரமே போட்டுப் பாருங்கள். 4 கிரெடிட் பாடத்தில் 6 புள்ளி, 1 கிரெடிட் லேபில் 10 புள்ளி வாங்கினால் சராசரி 8 வராது. (4×6 + 1×10) ÷ 5 = 6.8 தான் வரும். லேபில் முழுப் புள்ளி எடுத்தும் பெரிய பாடம் கீழே இழுத்துவிடுகிறது. வருகைப் பதிவுக்கு எத்தனை சதவீதம் வேண்டும் என்பதையும் இப்போதே விதிமுறையில் பார்த்துவிடுங்கள். சீனியர் சொன்னார் என்று நம்பி வகுப்பைக் கட் அடிக்க வேண்டாம்.

படி 3: நோட்ஸ்

முதல் வருடத்தில் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய பழக்கம் கல்லூரி வேகத்துக்கு ஈடுகொடுக்காது. எல்லாவற்றையும் எழுத முயன்றால் கை ஓடும், காது மூடிக்கொள்ளும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950களில் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. பக்கத்தின் இடது ஓரத்தில் இரண்டரை அங்குலம் விட்டு ஒரு கோடு, அடியில் இரண்டு அங்குலம் விட்டு இன்னொரு கோடு. வகுப்பில் வலது பக்கம் மட்டும் எழுதுங்கள், அதுவும் துண்டு துண்டாக. அன்றைக்கு மாலையே இடது ஓரத்தில் கேள்விகளை எழுதுங்கள். அடியில் இரண்டு வரியில் சாரம்.

வலது பக்கம் ‘முடுக்கம் = விசை ÷ நிறை’ என்று இருக்கிறதா? இடது பக்கம் ‘முடுக்கம் என்றால் என்ன?’ என்று எழுதுவது வீண். ‘விசை மாறாமல் நிறை மட்டும் இரண்டு மடங்கானால் முடுக்கம் என்ன ஆகும்?’ என்று எழுதுங்கள். பிறகு வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். பாதியாகும் என்று வந்தால் சரி, முழித்தால் அந்த வரிக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

ஏன் அன்றைக்கே? ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம், பிறகு மெதுவாகிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவாரசியம். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். மஞ்சள் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிட்டு ‘படிச்சாச்சு’ என்று தூங்கிய எத்தனையோ இரவுகள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன.

படி 4: நடுவில் கிடைக்கும் நேரம்

இரண்டு வகுப்புக்கு நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியாது. வாரத்தில் இரண்டை மட்டும் இடது ஓரக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். மீதியில் தாராளமாக அரட்டை அடியுங்கள்.

படி 5: ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்

மூன்றாவது வாரத்துக்குள் ஒரு தடவையாவது போங்கள். “சார், ஒண்ணுமே புரியல” என்று நின்றால் அவருக்கும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. நீங்கள் போட்டுப் பார்த்த கணக்கைக் கையோடு கொண்டுபோய், “சார், இந்த மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன், இங்கேர்ந்து எப்படிப் போறதுன்னு தெரியல” என்று காட்டுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

படி 6: தனிமையும் தூக்கமும்

முதல் மாதம் எல்லோரும் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு திரிவது போலவும் நாம் மட்டும் வெளியே நிற்பது போலவும் தோன்றும். அந்தக் கூட்டத்திலும் பலருக்கு அப்படித்தான். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தவரே உயிர்த் தோழராக வேண்டும் என்றில்லை, லேபிலோ விளையாட்டிலோ வேறொருவர் கிடைப்பார். வீட்டு ஞாபகம் வந்தால் தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். ஆனால் வாரக்கணக்கில் சாப்பாடு பிடிக்கவில்லை, எழுந்திருக்கவே மனமில்லை என்றால், கல்லூரியின் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்கத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். டெஸ்ட்டுக்கு முந்தின இரவும்தான்.

படி 7: முதல் டெஸ்ட் பேப்பர் வந்ததும்

மார்க்கைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து: தெரியாததற்கு ‘தெ’, தெரிந்தும் மறந்ததற்கு ‘ம’, நேரம் போதாததற்கு ‘நே’. ‘ம’ அதிகமா, படி 3. ‘நே’ அதிகமா, வீட்டிலேயே கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். ‘தெ’ அதிகமா, பேப்பரோடு ஆசிரியர் அறைக்கு. எந்த நாள் போகிறீர்கள் என்பதைச் சுவரில் இருக்கும் தாளில் குறித்துவிடுங்கள்.