7 மெகாஹெர்ட்ஸ் மோர்ஸ் டிரான்ஸீவர்: வீட்டிலேயே கட்டுவதும், கட்டிய பின் மாற்றி மேம்படுத்துவதும்

சொந்தக் கையால் கட்டிய ஒரு சிறு பெட்டியில் 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) உயிர்பெற்றுக் கேட்பது பெரிய மகிழ்ச்சி. அதற்கு இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு ஐசி, ஒரு ரெகுலேட்டர் போதும். இங்கே விளக்கும் செட் 7030 கிலோஹெர்ட்ஸில் கால் வாட் முதல் அரை வாட் வரை மோர்ஸ் அனுப்பும், அதே இடத்தில் கேட்கும். குறைந்த திறனில் பேசும் மோர்ஸ் நிலையங்கள் கூடும் இடம் என்பதால்தான் 7030.

ரிசீவர் பகுதியை யாரும் கட்டிப் பழகலாம். ஆன்டெனாவில் அலை அனுப்ப அமெச்சூர் உரிமம் வேண்டும். அது கைக்கு வரும்வரை டம்மி லோடிலேயே (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) சோதனை செய்யுங்கள்.

புதியவர்கள் எல்லாப் பாகங்களையும் ஒரே மூச்சில் சால்டர் செய்துவிட்டுக் கடைசியில் பவர் கொடுப்பார்கள். செட் பேசாமல் கிடக்கும்போது தப்பு எந்த மூலையில் என்று தெரியாது. ஒரு கட்டத்தைக் கட்டி, அளந்து, சரி என்று தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கீழே உள்ள வரிசை அதற்காகவே அமைந்தது.

தேவையானவை

கிரிஸ்டல் 7.030 மெகாஹெர்ட்ஸ், டிரான்சிஸ்டர் 2என்3904 ஒன்று, 2என்2222ஏ ஒன்று, மிக்ஸர் ஐசி எஸ்ஏ612 (என்இ602-உம் பொருந்தும்), ஆடியோ ஐசி எல்எம்386, ரெகுலேட்டர் 78எல்06, டயோடு 1என்4148 மூன்று, 1என்4001 ஒன்று, டி37-6 டொராய்ட் கோர் (மஞ்சள் நிற வளையம்) மூன்று, 60 பிகோஃபாரட் டிரிம்மர் (திருப்பி மதிப்பை மாற்றும் சிறு கெபாசிட்டர்) மூன்று, 1 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், இரட்டைத் துருவ இருவழி சுவிட்ச், 0.4 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பி, மோர்ஸ் கீ, ஹெட்போன், 12 வோல்ட் பேட்டரி. ரெசிஸ்டர், கெபாசிட்டர், சோக் (ஆயத்தக் காயில்) மதிப்புகள் அந்தந்தக் கட்டத்தில் வரும்.

பேட்டரி லைனில் 500 மில்லிஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். மெயின்ஸ் அடாப்டரில் இந்த வகை ரிசீவர் பெரும்பாலும் உறுமும்.

கட்டுவதற்கு வெற்றுக் காப்பர் கிளாட் போர்டு போதும். அதே போர்டிலிருந்து 5 மில்லிமீட்டர் சதுரத் துண்டுகளை வெட்டி, சூப்பர் குளூவால் ஒட்டினால் அவையே இணைப்புத் திட்டுகள். அடியிலுள்ள செம்புப் பரப்பு முழுவதும் கிரவுண்ட். ரேடியோ அலைவெண்ணில் இவ்வளவு நல்ல கிரவுண்ட் பிரெட்போர்டில் கிடைக்காது. அதோடு பிரெட்போர்டின் ஒவ்வொரு வரிசைக்கும் இடையே சில பிகோஃபாரட் ஒளிந்திருக்கும்.

கட்டம் 1: லோ பாஸ் ஃபில்டரும் டம்மி லோடும்

டிரான்ஸ்மிட்டரில் கடைசியில் வருவதை முதலில் கட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிரான்ஸ்மிட்டரின் கடைசி டிரான்சிஸ்டர் 7.03-ஐ மட்டும் உருவாக்குவதில்லை, அதன் மடங்குகளான 14.06, 21.09 மெகாஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகளையும் சேர்த்தே தள்ளும். 7.03-ஐ விட்டு, அதற்கு மேலுள்ள இவற்றைத் தடுப்பதே லோ பாஸ் ஃபில்டர். அது இல்லாமல் அளக்கும் பவர் பொய்க்கணக்கு. ஃபில்டர் இல்லாமல் ஆன்டெனாவில் கொடுப்பதோ அடுத்தவரின் அலைவரிசையில் நாம் செய்யும் அத்துமீறல்.

ஏழு உறுப்பு ஃபில்டரின் மதிப்புகள்: இரு முனைகளிலும் 270 பிகோஃபாரட், நடுவில் இரண்டு 680 பிகோஃபாரட், எல்லாம் கிரவுண்டுக்கு. இவற்றின் இடையில் வரிசையாக மூன்று காயில்கள்: 21 சுற்று, 24 சுற்று, 21 சுற்று. கெபாசிட்டர்கள் சி0ஜி அல்லது என்பி0 வகையாக இருக்கட்டும். சாதாரண டிஸ்க் கெபாசிட்டர் சூட்டில் மதிப்பு மாறும்.

21 சுற்றுக்கு 30 சென்டிமீட்டர், 24 சுற்றுக்கு 35 சென்டிமீட்டர் கம்பி வெட்டுங்கள். கம்பி கோரின் துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்று. வெளிப்புறத்தைப் பார்த்து எண்ணுபவர்கள்தான் ஒரு சுற்று கூடவோ குறையவோ சுற்றிவிடுவார்கள். சுற்றி முடித்ததும் உள்விளிம்பில் விரல் நகத்தை ஒவ்வொரு கம்பியாக நகர்த்தி எண்ணிப் பாருங்கள். சுற்றுகள் கோரில் முக்கால் வட்டத்துக்கு மேல் சீராகப் பரவியிருக்க வேண்டும், இரு நுனிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

இனி எனாமலைச் சுரண்டுவது. செட் வேலை செய்யாமல் போவதற்கு மிக அடிக்கடி காரணமாவது இதுதான். நுனி 5 மில்லிமீட்டரைப் பிளேடால் எல்லாப் பக்கமும் சுரண்டி, சால்டர் பூசிப் பாருங்கள். சால்டர் கம்பியைச் சுற்றி வெள்ளியாக ஒட்டிப் பரவ வேண்டும். உருண்டையாக நின்றால் எனாமல் இன்னும் இருக்கிறது. பொருத்தியபின் ஃபில்டரின் உள்முனைக்கும் (டிரான்ஸ்மிட்டர் பக்கம்) வெளிமுனைக்கும் (ஆன்டெனா பக்கம்) இடையே மல்டிமீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும், கிரவுண்டுக்கு இணைப்பே காட்டக் கூடாது.

டம்மி லோடுக்கு 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் இரண்டை இணையாகப் போட்டால் 50 ஓம். கார்பன் அல்லது மெட்டல் ஃபிலிம் மட்டுமே ஆகும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் தானே ஒரு காயில். லோடின் கிரவுண்ட் அல்லாத முனையில் 1என்4148-இன் ஆனோடு, கேத்தோடிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட். அந்தக் கெபாசிட்டரின் மேல் டிசி வோல்ட் அளந்தால் அதுவே பவர் மீட்டர்.

கட்டம் 2: ஆஸிலேட்டர் (அலையை உருவாக்கும் பகுதி)

2என்3904-இன் கலெக்டருக்கு 12 வோல்ட் லைனிலிருந்து 100 ஓம் வழியாக சப்ளை, கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட். கலெக்டரிலிருந்து பேஸுக்கு 22 கிலோஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 22 கிலோஓம். எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம். பேஸ்–எமிட்டர் இடையே 220 பிகோஃபாரட், எமிட்டர்–கிரவுண்ட் இடையே 220 பிகோஃபாரட். பேஸிலிருந்து கிரிஸ்டல், அதன் மறுமுனையிலிருந்து டிரிம்மர் வழியாக கிரவுண்ட்.

எமிட்டரில் சுமார் 5 வோல்ட் இருக்கும். பக்கத்தில் ஷார்ட்வேவ் ரேடியோவை 7.03-இல் வைத்தால் இரைச்சல் அடங்கி, ஒரு கேரியர் (ஒலியேறாத வெறும் அலை) அமர்ந்திருப்பது தெரியும். டிரிம்மரைத் திருப்பினால் சிறிது நகரும். வோல்ட் சரியாக இருந்தும் கேரியர் இல்லையென்றால் 220 பிகோஃபாரட்டின் மேல் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள்: 221 என்றால்தான் 220 பிகோஃபாரட், 224 என்றால் 220 நானோஃபாரட்.

கட்டம் 3: ரிசீவர்

எஸ்ஏ612 தாங்குவது 8 வோல்ட் வரைதான். நேராக 12 வோல்ட் கொடுத்தால் ஐசி போயிற்று. 78எல்06 வழியாகவே 8-ஆம் பின்னுக்கு சப்ளை. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்போது 78எல்06-இன் வரிசை அவுட்புட், கிரவுண்ட், இன்புட். பெரிய 7806-க்கு இது நேர் எதிர். ஐசியை வைக்கும் முன் வெளியீடு 6 வோல்ட்டா என்று அளந்துவிடுங்கள்.

ஆஸிலேட்டர் எமிட்டரிலிருந்து 10 பிகோஃபாரட் வழியாக 6-ஆம் பின்; அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 பிகோஃபாரட். இந்தக் கெபாசிட்டர் ஜோடி மின்னழுத்தத்தைப் பதினொன்றில் ஒரு பங்காக்கி, மிக்ஸர் விரும்பும் 200–300 மில்லிவோல்ட்டுக்குக் கொண்டுவரும். 3-ஆம் பின் கிரவுண்ட், 2-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட்.

ஃபில்டரின் உள்முனையிலிருந்து ஒரு டிரிம்மர், அடுத்து 10 மைக்ரோஹென்றி சோக், இரண்டும் தொடராக. சோக்கின் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1என்4148 இரண்டு, எதிரெதிர்த் திசையில். டிரிம்மர் 51 பிகோஃபாரட்டுக்கு வரும்போது இந்தத் தொடர் 7.03-இல் ஒத்திசையும்: மெல்லிய சிக்னல் தடையின்றி உள்ளே போகும். அனுப்பும்போது டயோடுகள் மிக்ஸரைக் காக்கும். டயோடு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர். அதன் நடுக்காலிலிருந்து 10 நானோஃபாரட் வழியாக எஸ்ஏ612-இன் 1-ஆம் பின். வால்யூம் கட்டுப்பாடு இதுவே.

எஸ்ஏ612-இன் 4, 5 பின்கள் 100 நானோஃபாரட் ஒவ்வொன்றின் வழியாக எல்எம்386-இன் 2, 3 பின்களுக்கு. 4-க்கும் 5-க்கும் இடையே 10 நானோஃபாரட். எல்எம்386-இல் 1–8 இடையே 10 மைக்ரோஃபாரட் போட்டால் பெருக்கம் 200 மடங்கு, போடாவிட்டால் 20. 4-ஆம் பின் கிரவுண்ட். 5-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 47 நானோஃபாரட்டும் தொடராக, ஹெட்போனுக்கு 220 மைக்ரோஃபாரட் வழியாக. 6-ஆம் பின்னுக்கு சப்ளை 47 ஓம் வழியாக. அந்தப் பின்னின் காலடியிலேயே 220 மைக்ரோஃபாரட். இந்தக் கெபாசிட்டர் தள்ளி இருந்தால் ஹெட்போனில் படகு மோட்டார் போல் “பட் பட்” சத்தம் வரும்.

ஆஸிலேட்டரும் சேர்ந்து மொத்த மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர் அளவில் இருக்கும். ஆன்டெனாவைச் சொருகியதும் இரைச்சல் தெளிவாக உயர வேண்டும். சோக்கோடு தொடராக உள்ள டிரிம்மரை இரைச்சல் உச்சத்துக்குத் திருப்பி விடுங்கள். ஆன்டெனாவாக அரை அலை டைபோல்: பக்கத்துக்கு 10.1 மீட்டர் கம்பி.

கட்டம் 4: பவர் நிலை

ஆஸிலேட்டர் எமிட்டரிலிருந்து 100 பிகோஃபாரட் வழியாக 2என்2222ஏ-இன் பேஸ். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம். கலெக்டருக்கு 22 மைக்ரோஹென்றி சோக் வழியாக 12 வோல்ட், இது எப்போதும் இணைந்தே இருக்கட்டும். கலெக்டரிலிருந்து 100 நானோஃபாரட் வழியாக ஃபில்டர். எமிட்டரிலிருந்து 4.7 ஓம், பிறகு கீ, பிறகு கிரவுண்ட். கீ முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட்.

பெயரில் ஏமாறாதீர்கள். பிளாஸ்டிக் உடல் கொண்ட பிஎன்2222ஏ-இன் கால் வரிசை எமிட்டர், பேஸ், கலெக்டர்; பி2என்2222ஏ-க்கு அது தலைகீழ். உலோக உடல் கொண்டதில் உடலே கலெக்டர், ஆகவே ஹீட்சிங்க் எதையும் தொடக் கூடாது.

டம்மி லோடில் கீயை அழுத்தி அளந்து பாருங்கள். மீட்டர் 5.6 வோல்ட் காட்டினால் டயோடில் இழந்த 0.6-ஐக் கூட்டி 6.2. அதன் வர்க்கத்தை 100-ஆல் வகுத்தால் 0.38 வாட். பவர் நிலை 60 முதல் 100 மில்லிஆம்பியர் வரை இழுக்கலாம். பவர் மிகக் குறைவு, டிரான்சிஸ்டர் மட்டும் கொதிக்கிறது என்றால் ஃபில்டர் காயிலின் சுற்றுக்கணக்கைத் திரும்ப எண்ணுங்கள்.

கட்டம் 5: ஆஃப்செட் (அலைவெண் விலகல்) சுவிட்ச்

இது நேரடி மாற்ற ரிசீவர்: வரும் அலைக்கும் நம் ஆஸிலேட்டருக்கும் உள்ள அலைவெண் வித்தியாசமே ஒலியாகக் கேட்கும். எதிர்நிலையம் நம் ஆஸிலேட்டரின் அதே அலைவெண்ணில் அழைத்தால் நமக்கு எதுவும் கேட்காது. வித்தியாசம் பூஜ்யம், ஒலியும் பூஜ்யம். முதல் செட் கட்டியவர்கள் “நான் அழைத்தால் யாரும் பதில் தருவதில்லை” என்று வருந்துவதற்கு இது ஒரு பெரிய காரணம். பதில் வந்திருக்கும், காதில் விழுந்திருக்காது.

சுவிட்சின் ஒரு துருவம் கேட்கும் நிலையில் மூன்றாவது டிரிம்மரைக் கிரிஸ்டல் டிரிம்மருக்கு இணையாக கிரவுண்டுடன் சேர்க்கட்டும். ஆஸிலேட்டர் சற்றுக் கீழே இறங்கும். 650 ஹெர்ட்ஸ் இறங்கும்படி அதைச் சரிசெய்யுங்கள். இன்னொரு துருவம் அனுப்பும்போது ரிசீவரின் சப்ளையைத் துண்டிக்கட்டும். சுவிட்சைக் கிரிஸ்டலுக்கு அருகிலேயே வையுங்கள், நீண்ட ஒயர் தானே ஒரு கெபாசிட்டர்.

மாற்றங்கள்

செட் ஒருமுறை ஒழுங்காக ஓடிய பிறகே இவற்றைத் தொடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று.

கீயை அழுத்தும்போது தொனி “க்யூ” என்று வழுக்கினால் அது சிர்ப். பவர் நிலை ஆஸிலேட்டரை இழுக்கிறது. பேஸுக்குப் போகும் 100 பிகோஃபாரட்டை 68, பிறகு 47 என்று குறைத்துப் பாருங்கள். பவர் கொஞ்சம் குறையும், தொனி நேராகும். தேய்ந்த பேட்டரியாலும் சிர்ப் வரும், முதலில் அதைப் பாருங்கள்.

இரவில் ஒலிபரப்பு நிலையங்கள் பின்னணியில் புகுந்தால் பொட்டென்ஷியோமீட்டரைக் குறையுங்கள். வேண்டிய சிக்னல் குறைவதைவிட அந்தத் தொல்லை வேகமாகக் குறையும். எஸ்ஏ612-இன் 4–5 இடையே உள்ள 10 நானோஃபாரட்டை 47 ஆக்கினால் 1.1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான இரைச்சல் மங்கி, மோர்ஸ் தனித்து நிற்கும்.

அனுப்பும்போது நம் கீயின் ஒலி நமக்கே கேட்க, 12 வோல்ட் பஸ்ஸர் ஒன்றை 12 வோல்ட் லைனுக்கும் கீ முனைக்கும் இடையே சேர்க்கலாம். ஆனால் 4.7 ஓமுக்கும் கீக்கும் நடுவே 1என்4001 வைத்த பிறகே. கேத்தோடு கீயின் பக்கம். அது இல்லாவிட்டால் கீ திறந்திருக்கும்போது பஸ்ஸர் வழியாக எமிட்டர் 12 வோல்ட்டை நோக்கி ஏறும். 2என்2222ஏ-இன் பேஸ்–எமிட்டர் சந்தி எதிர்த்திசையில் தாங்குவது 6 வோல்ட்தான்.

ஒரே அலைவெண் அலுத்தால் கிரிஸ்டலுக்கும் டிரிம்மருக்கும் நடுவே 4.7 மைக்ரோஹென்றி சோக் சேர்த்து, டிரிம்மர் இடத்தில் வேரியபிள் கெபாசிட்டர் வையுங்கள். சில கிலோஹெர்ட்ஸ் நகரும். ஆசைப்பட்டு சோக்கை மேலும் பெரிதாக்கினால் கிரிஸ்டலின் பிடி தளர்ந்து அலைவெண் நழுவ ஆரம்பிக்கும். அந்த எல்லைக்கு ஒரு படி முன்பே நிறுத்துங்கள். ஆஃப்செட் டிரிம்மரையும் மறுபடி 650 ஹெர்ட்ஸுக்குத் திருத்த வேண்டியிருக்கும், ஏனென்றால் இப்போது அதே சில பிகோஃபாரட் முன்பைவிட அதிகம் நகர்த்தும்.