இரண்டாம் வாசிப்புக்குப் போய் நிற்காதீர்கள்: நகர சபைக் கூட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் நகர சபைக் கூட்டத்துக்கு முதல் முறை போகும் பலர் மனம் நொந்துதான் திரும்புகிறார்கள். வேலி உயரம், வாடகைக்கு விடும் அறை, தெருவில் வண்டி நிறுத்துவது என்று தங்களைத் தொடும் ஏதோ ஒரு விதி மாறப்போவதாகக் கேள்விப்பட்டு, வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்து உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பத்துப் பதினைந்து விஷயங்கள் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். அவர்கள் பேச வந்த விதியும் அதில் ஒன்றாக இருக்கும்.

அந்தப் பட்டியலுக்குக் கன்சென்ட் காலண்டர் என்று பெயர். முந்தைய கூட்டத்தின் மினிட்ஸ் (நடந்ததைப் பதிவு செய்யும் குறிப்பு), பில் பட்டுவாடா, ஒப்பந்த நீட்டிப்பு என, விவாதம் வேண்டியிருக்காது என்று அலுவலர்கள் கருதுபவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஓட்டில் முடிப்பார்கள். அப்படி ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் கூட்டம் நள்ளிரவைத் தாண்டும். ஆனால் "வழக்கமான அலுவல்தானே" என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. முனிசிபல் கோடு என்னும் நகரச் சட்டத் தொகுப்பைத் திருத்தும் ஆர்டினன்ஸின் கடைசிப் படி பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

இந்த ஆர்டினன்ஸ் என்ற சொல்லே தமிழ்ச் செய்தி படித்துப் பழகியவர்களைக் குழப்பும். நமக்கு அது ஆளுநரோ குடியரசுத் தலைவரோ பிறப்பிக்கும் அவசரச் சட்டம். இங்கே அது நகர சபை இயற்றும் நிரந்தரச் சட்டம். ரெசல்யூஷன் என்பது தீர்மானம். அதை ஒரே கூட்டத்தில் நிறைவேற்றிவிடலாம். ஆர்டினன்ஸை அப்படி நிறைவேற்ற முடியாது. முதல் வாசிப்பில் அறிமுகம் செய்து, குறைந்தது 5 நாள் இடைவெளி விட்டு, இன்னொரு கூட்டத்தில் இரண்டாம் வாசிப்பில் நிறைவேற்ற வேண்டும் என்பது மாநிலச் சட்டம். லாஸ் ஏஞ்சலஸ், சான் ஹோசே போன்ற, தமக்கென்று தனிச் சாசனம் வைத்திருக்கும் நகரங்களில் அந்தந்தச் சாசனம் சொல்லும் முறைப்படி நடக்கும். வாசிப்பு என்றாலும் யாரும் முழுதாக வாசிப்பதில்லை, வழக்கமாகத் தலைப்பை மட்டும்தான்.

மக்கள் ஏமாறும் இடம் இந்த இரண்டாம் வாசிப்பு. முதல் வாசிப்பில் விவாதம் முடிந்திருக்கும், திருத்தங்கள் பேசப்பட்டிருக்கும், உறுப்பினர்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அதன் பிறகு வாசகத்தில் எதையாவது மாற்றினால், அது வெறும் அச்சுப் பிழையாக இல்லாத பட்சத்தில், மறுபடி 5 நாள் காத்திருந்து இன்னொரு கூட்டத்தில்தான் நிறைவேற்ற முடியும். அதனால் நீங்கள் சொல்வது நியாயமாகவே இருந்தாலும் அந்தக் கட்டத்தில் மாற்றச் சபை தயங்கும். முதல் வாசிப்பிலேயே போய்ப் பேசுங்கள். நில உபயோகம், கட்டட அளவு சம்பந்தப்பட்டது என்றால் அதற்கும் முன்னால் பிளானிங் கமிஷனில் பொது விசாரணை நடக்கும். வாசகம் இன்னும் இளகிய நிலையில் இருக்கும் இடம் அதுதான்.

சரி, இதெல்லாம் எப்போது நடக்கிறது என்று எப்படித் தெரியும்? உள்ளாட்சிக் கூட்டங்களை மக்கள் முன் திறந்து நடத்தச் சொல்லும் 1953-ஆம் ஆண்டு பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை (அலுவல் பட்டியலை) 72 மணி நேரம் முன்பாக ஒட்ட வேண்டும். சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம்தான். செவ்வாய் மாலைக் கூட்டத்துக்குச் சனிக்கிழமை மாலை வந்தால்கூட விதிப்படி சரி. வாரயிறுதியில் பார்க்காமல் விட்டால் உங்களுக்குக் கிடைப்பது முழுதாக இரண்டு நாள்கூட இல்லை. பல நகரங்கள் அஜெண்டாவை மின்னஞ்சலில் அனுப்புகின்றன, பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அஜெண்டா வந்ததும் தலைப்பைப் படித்துத் திருப்தி அடைய வேண்டாம். "அத்தியாயம் இத்தனையில் திருத்தம்" என்பதிலிருந்து ஒன்றும் விளங்காது. "சீரமைப்புத் திருத்தம்" என்று போட்டிருந்தால் இன்னும் நிதானமாகப் படியுங்கள். இணைப்பில் அலுவலர் அறிக்கையும், நீக்கும் சொற்களை அடித்து, சேர்க்கும் சொற்களை அடிக்கோடிட்டுக் காட்டும் பிரதியும் பெரும்பாலும் இருக்கும். "செய்யலாம்" என்பது "செய்ய வேண்டும்" என்று மாறியிருக்கிறதா? அலுவலர் விரும்பினால் செய்யலாம் என்றிருந்ததை அந்த ஒரு சொல் கட்டாயமாக்கிவிடும். அப்புறம், பலரும் தாண்டிப் போகும் வரையறைப் பகுதி. "குடும்பம்", "படுக்கையறை", "வணிக வாகனம்" என்ற சொல்லின் பொருளை அங்கே மாற்றினால், அந்தச் சொல் வரும் விதிகள் எல்லாம் வாசகம் மாறாமலே மாறிவிடும். எனக்கு நேரம் குறைவாக இருந்தால் முதலில் படிப்பது அதைத்தான்.

பேசும்போது நடக்கும் தவறு, அஜெண்டாவில் உள்ள விஷயத்தைப் பொதுக் கருத்து நேரத்தில் பேசுவது. அந்த நேரம் அஜெண்டாவில் இல்லாதவற்றுக்கு. அவை மீது அன்றைக்குச் சபை முடிவெடுக்கக் கூடாது, உறுப்பினர்கள் சுருக்கமாகப் பதில் சொல்லலாம், அவ்வளவே. கன்சென்ட் காலண்டரில் உள்ளதைப் பற்றி ஓட்டெடுப்புக்கு முன் பேச உங்களுக்கு உரிமை உண்டு. அதைத் தனியாக எடுத்து விவாதிக்க வேண்டும் என்றால், ஓர் உறுப்பினருக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஐட்டம் எண்ணைக் குறிப்பிடுங்கள், எந்தச் சொல் எப்படி மாற வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். எழுதியது பொது ஆவணமாகிவிடும், தொலைபேசி எண், குழந்தைகளின் விவரம் எல்லாம் அதில் வேண்டாம்.

ஆங்கிலம் வராது என்று பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவதும் எனக்கு வருத்தம் தரும் தவறு. பேச நேர வரம்பு வைத்திருக்கும் சபை, மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுபவருக்குக் குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும். ஒரே நேரத்தில் மொழிபெயர்த்துக் கேட்கும் கருவி இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அம்மா தமிழிலேயே பேசட்டும், பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள்.

மினிட்ஸில் தவறு திருத்தச் சொல்லும்போது, நடந்ததை மாற்றி எழுதியிருந்தால் மட்டும் சொல்லுங்கள். தோற்றுப்போன வாதத்தை மறுபடி நடத்த அது இடமில்லை.

நிறைவேறிய ஆர்டினன்ஸ் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். அதை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டி வாக்காளர்களிடம் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்கு அந்த அவகாசம். உடனே அமலாகும் அவசர ஆர்டினன்ஸுக்கு ஐந்தில் நான்கு பங்கு ஓட்டு வேண்டும். கடைசியாக, இணையத்தில் இருக்கும் முனிசிபல் கோடை மட்டும் நம்பி வேலி போட ஆள் கூப்பிடாதீர்கள். பல நகரங்களுக்கு அதைத் தொகுத்து வெளியிடுவது தனியார் நிறுவனங்கள், புதிய திருத்தம் அங்கே ஏறச் சில மாதங்கள்கூட ஆகலாம். எந்த எண்ணுள்ள ஆர்டினன்ஸ் வரை சேர்த்திருக்கிறோம் என்று அந்தப் பக்கத்தில் குறித்திருப்பார்கள். அந்த எண்ணுக்குப் பிறகு நிறைவேறியவற்றின் பிரதியை, நகர ஆவணங்களைப் பராமரிக்கும் சிட்டி கிளார்க் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.