நான்கு பேருக்கு ஒரு போன்: இளைஞர் மையத்தில் ஸ்டாப் மோஷன் பட்டறை

பதின்ம வயதுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து "மனம்விட்டுப் பேசுங்க" என்றால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் பேச்சு தானாக வரும். அதற்கு ஸ்டாப் மோஷன் தோதான வேலை. காகிதப் பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம் எனச் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்கும். நான்கு தலைகளும் ஒரே சார்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதால், கூச்சமுள்ள பிள்ளையும் பேசும். படத்தில் யார் முகமும் வராது. பெண் பிள்ளையை வீடியோவில் காட்டத் தயங்கும் வீட்டாரும் அனுப்பிவைப்பார்கள்.

12 பேர், மூன்று குழு, குழுவுக்கு ஒரு போன், இரண்டரை மணி நேர அமர்வுகள் இரண்டு. போன் மையத்துடையதாக இருக்கட்டும். பிள்ளைகளில் ஒருவருடையது என்றால் அவர்தான் அந்தக் குழுவுக்கு முதலாளி. ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ செயலியின் இலவசப் பதிப்பே படம்பிடிக்கப் போதும். முதல் நாளே இறக்கிவைத்துவிடுங்கள். 1 ஜிபி இடம் காலியாக இருக்க வேண்டும், பவர் பேங்க் பக்கத்தில் இருக்க வேண்டும், போன் ஏரோப்ளேன் மோடில் இருக்க வேண்டும். 150ஆவது படத்தில் யாராவது அழைத்தால் போனை எடுப்பார்கள். எடுத்தால் கோணம் கலைந்துவிடும்.

ஸ்டாண்டு வாங்கத் தேவையில்லை. ஒரே உயரமுள்ள இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே ஒரு பலகையை வையுங்கள். பின்கேமரா மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி, திரை மேலே பார்க்க போனைக் கிடத்தி, ரப்பர் பேண்டால் பலகையோடு கட்டுங்கள். கீழே தரையில் சார்ட், நான்கு மூலையிலும் டேப். எல்லாக் குழுவும் போனை அகலவாக்கில் வைக்கட்டும். ஒன்று மட்டும் நெட்டுக்குத்தாக இருந்தால் திரையிடலில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். திரையைத் தொட்டுக் கிளிக் செய்தால் போன் அசையும். வயர் இயர்போனைச் செருகி அதன் ஒலி பட்டனை அழுத்தினால் பல போன்களில் படம் விழும். விழாவிட்டால் செயலியின் டைமரைப் பயன்படுத்துங்கள்.

வினாடிக்கு 10 படம் என்று வைத்துக்கொண்டால் 20 வினாடிப் படத்துக்கு 200 கிளிக். புதியவர்கள் நிமிடத்துக்கு மூன்று, நான்கு எடுப்பார்கள். ஆக ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒவ்வொரு முறையும் பொம்மையை அரை சென்டிமீட்டர் நகர்த்தினால் வினாடிக்கு 5 செ.மீ. ஓடும், 30 செ.மீ. அகலத்தை ஆறு வினாடியில் கடக்கும். பிள்ளைகள் முதலில் இரண்டு விரல் அகலம் நகர்த்துவார்கள், பொம்மை தத்தித் தத்திப் போகும். திருத்தாதீர்கள். 20 படம் எடுத்ததும் ஓட்டிக் காட்டினால் அவர்களே சிரித்துவிட்டு அளவைக் குறைப்பார்கள். தலைப்பு அட்டையை 30 படமாவது நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் படிப்பதற்குள் போய்விடும்.

கெட்டுப்போகும் இடங்களில் முதலாவது மின்விசிறி. காகிதப் பொம்மை பறக்கும், ஆகவே விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். புழுக்கம் தாங்காது என்பதால் 20 நிமிடத்துக்கொருமுறை இடைவேளை. இரண்டாவது ஜன்னல் வெளிச்சம். மேகம் நகர்ந்தால் படம் மின்னி மின்னி மங்கும். ஜன்னலைத் திரையால் மூடி, எல்இடி விளக்குகளில் எடுங்கள். கேமராவின் ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் குனிந்தாலும் வெளிச்சம் மாறும். மூன்றாவது, படத்துக்குள் நுழையும் கை. ஒருவர் நகர்த்த, ஒருவர் "கை எடு" என்று குரல் கொடுக்க, ஒருவர் கிளிக் செய்ய, ஒருவர் எண்ண வேண்டும். 30 படத்துக்கொருமுறை ஆளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒருவர் டைரக்டராகிவிடுவார், மற்ற மூவர் கத்தரிக்கோல் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

கதைக்கு "விழிப்புணர்வு" தலைப்பு கொடுத்தால் போதைப்பொருளும் மரம் நடுதலும் போஸ்டர் வாசகங்களாக வந்து நிற்கும். "நம்ம தெருவில் தினம் எரிச்சலாக்கும் விஷயம் எது?" என்று கேளுங்கள். நிற்காமல் போகும் பஸ், தண்ணீர் லாரி வரிசை, ஒன்பது மணிக்கு மேல் பெண் பிள்ளைகளை மட்டும் வீட்டுக்குள் கூப்பிடும் குரல்: பேச்சு இங்கிருந்துதான் கிளம்பும். ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொன்னால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்பதை அந்தப் பிள்ளையிடமே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

இரண்டாம் அமர்வு ஒலிக்கு. சினிமாப் பாட்டைப் போட ஆசைப்படுவார்கள். இணையத்தில் ஏற்றினால் காப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். முறத்தில் அரிசியைச் சரித்தால் மழை, செய்தித்தாளைக் கசக்கினால் தீ. இதில் கிடைக்கும் குதூகலம் பாட்டில் கிடைக்காது.

முடிந்த படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். முதல் திரையிடல் யூடியூபில் வேண்டாம், தெருவில் நடக்கட்டும். பொழுது சாய்ந்தபின் வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, ஒரு புரொஜெக்டர். அது கிடைக்காவிட்டால் டீக்கடை டிவியில் எம்பி4 கோப்புள்ள பென்டிரைவ். ஓடுகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். 20 வினாடிப் படம் என்பதால் மூன்று முறை ஓட்டுங்கள். பிறகு மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், பெரியவர்கள் கேள்வி கேட்கட்டும்.

இணையத்தில் ஏற்றுவதானால் அது தனி அனுமதி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். குரலும் பெயரும்கூட அடையாளம்தான். முழுப்பெயர், பள்ளி, தெரு மூன்றையும் டைட்டிலில் சேர்த்துப் போடாதீர்கள். பிள்ளைகளே ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். குழுவுக்கான வாட்ஸ்அப்பில் பொறுப்பாளர்கள் இருவர் இருக்க வேண்டும். தனிச் செய்தி அனுப்புவதில்லை என்பது இருவருக்கும் விதி.

செயலியில் உள்ள மூலக் கோப்பை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள், "அந்த இடத்தை மாத்தணும்" என்று யாராவது வருவார்கள். பொம்மைகளைச் செருப்பு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். அடுத்த பட்டறையில் ஒவ்வொரு குழுவுக்கும் பழைய பிள்ளை ஒருவர் அந்த டப்பாவோடு உட்காரட்டும்.